ஆட்டிசம் சான்றிதழ்: அளவுகோலைத் திருத்துங்கள்

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று முடிவு செய்யும் விதிகளை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் டி.எஸ்.எம். கையேட்டில் 1980இல்தான் தனித் தலைப்புக் கொடுத்து எழுதியது. பிறகு 1987, 1994, 2013, 2022 என நான்கு முறை திருத்தியது. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பை 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்தத் திருத்தங்களில் சில வாசலை அகலமாக்கின, சில குறுக்கின. எதுவும் சும்மா நடக்கவில்லை.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின் முன் போய் உட்கார்ந்தால், அந்தப் பிள்ளையை அளக்க எடுக்கப்படும் கோல் 2009இல் வெளியானது. அது வெளியானபோது நடப்பில் இருந்த மருத்துவ வரையறை 2013லேயே காலாவதியாகிவிட்டது. வரையறை போன பிறகும் அந்தக் காலத்துக் கோலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் தேர்வுச் சலுகைக்கும் யார் தகுதி, யார் தகுதியில்லை என்று தீர்ப்பெழுதிக்கொண்டிருக்கிறது ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகம். மாநில அரசு அதை அப்படியே வாங்கி மாவட்டத்துக்கு அனுப்புகிறது. மாவட்டம் முத்திரை குத்துகிறது. இந்த மூன்று பேரையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "இது புதுசா வந்த நோய்", "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது" என்ற பேச்சு காய்கறிக் கடையிலிருந்து ஆட்சியர் அலுவலக வராந்தா வரைக்கும் கேட்கிறது. அந்தப் பேச்சுதான் திருத்தத்தைத் தள்ளிப்போட வசதியாகவும் இருக்கிறது.

ஆட்டிசம் என்ற பெயரை 1911 வாக்கில் சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜென் ப்ளூலர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, அது மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்கிப்போவதைக் குறித்தது. குழந்தைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1920களில் மாஸ்கோவில் க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், இன்று நாம் ஆட்டிசம் என்று அடையாளம் காணும் இயல்புகளைச் சில சிறுவர்களிடம் கண்டு எழுதினார். யாரும் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் உலகின் கண்ணில் பட்டது. அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர் ஆண், மூன்று பேர் பெண். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறரோடு பழகத் தெரியாத பையன்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். ஆங்கில உலகம் அதைப் பல பத்தாண்டுகள் படிக்கவே இல்லை.

கானர் எழுதியும் கையேடு அசையவில்லை. 1952, 1968 பதிப்புகளில் இந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த இடம், 'குழந்தைப் பருவ மனச்சிதைவு' என்ற மூலைதான். அந்தக் காலத்தில்தான் தாய்மார்கள் மீது அந்தப் பெரும்பழி விழுந்தது: பாசமில்லாத, குளிர்பதனப் பெட்டி போன்ற தாய் வளர்த்ததால் பிள்ளை இப்படி ஆகிவிட்டதாம். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று எழுதியிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களை ஆராய்ந்து, மரபணுவின் பங்கைக் காட்டிய பிறகு, மருத்துவத்தில் அந்தப் பழி செத்தது.

நம் ஊரில் அது சாகவில்லை, சேலை மாற்றிக்கொண்டது. கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையை ஆயாவிடம் விட்டாள், செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாள் என்று வேப்பந்தட்டையிலும் ஆண்டிமடத்திலும் இன்றைக்கும் மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறார், சில நேரம் வெள்ளைக் கோட்டு போட்டவரும் சொல்கிறார். செல்போனை நீட்டிய எல்லா வீட்டிலும் ஆட்டிசம் வந்திருந்தால் இந்த இரண்டு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடமும் நடக்காது.

இனி திருத்தங்களுக்கு வருவோம். 1980இன் விதி குறுகலானது: 'இளங்குழந்தை ஆட்டிசம்', 30 மாதத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், சொன்ன அடையாளம் எல்லாம் இருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு முன்னால், 1979இல், லண்டன் கேம்பர்வெல் பகுதியில் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் குழந்தைகளை ஆராய்ந்து, கானரின் சட்டத்துக்குள் அடங்காமலேயே அதே சிக்கல்களோடு ஏராளமானோர் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். விங்குக்கும் ஆட்டிசம் உள்ள மகள் இருந்தாள். கூடவும் குறையவும் பல அளவுகளில் பரந்து கிடக்கும் நிலை இது என்ற பார்வை அங்கேதான் வலுப்பெற்றது. ஆஸ்பெர்கரின் பெயரை 1981இல் ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் விங்தான். (அந்த ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கு ஒத்துழைத்ததை 2018இல் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

1987 விதி 16 அடையாளங்களைக் கொடுத்து எட்டு இருந்தால் போதும் என்றது. 1994 விதி 12 கொடுத்து ஆறு கேட்டது. கூடவே ஆஸ்பெர்கர் உட்படப் பல உட்பிரிவுகளைப் பிரித்தது. ஒரே பிள்ளையை ஒரு மருத்துவர் ஆஸ்பெர்கர் என்பார், அடுத்தவர் வேறு பிரிவு என்பார். இந்தக் குழப்பத்தைத் தாங்க முடியாமல்தான் 2013 மே மாதத்தில் எல்லாவற்றையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் உள்ள மூன்று சிக்கல்களும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றம் பொறுக்காமை, ஒன்றிலேயே மூழ்குதல், சத்தம் தொடுகை வெளிச்சம் இவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுதல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பழைய விதியின் மூன்று வயதுக் கெடுவும் போனது. சிறுவயதில் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால், சுற்றியுள்ளோரின் எதிர்பார்ப்பு கூடும்வரை வெளியே தெரியாமலும் இருக்கலாம், பழகிக்கொண்ட உபாயங்களால் மறைந்தும் இருக்கலாம் என்று விதியே ஒப்புக்கொண்டது. ஆட்டிசம் என்று சொன்னால் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு) என்று சொல்லக் கூடாது என்ற பழைய தடையும் நீங்கியது. 2022 திருத்தம் சிறியது: பழகுதல் சார்ந்த மூன்றும் கட்டாயம் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியது, அவ்வளவுதான்.

2013 கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. பழைய விதியின்படி ஆட்டிசம், ஆஸ்பெர்கர் முதலிய பெயர்களில் ஐயமின்றிக் கண்டறியப்பட்டவர்களுக்குப் புதிய பெயரையும் அப்படியே கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விதியை நாங்கள் மாற்றியதற்காக உன் பிள்ளை தெருவில் நிற்கக் கூடாது என்று அதற்குப் பொருள். இந்தக் கவனத்தில் கால்வாசியாவது நம் அரசாணைகளில் உண்டா?

1995இல் மாற்றுத்திறனாளிகளுக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது, ஆனால் இடஒதுக்கீட்டை அது கையாளவில்லை. ஆகவே சலுகை வேண்டுமென்றால் ஒரே வழி, நுண்ணறிவு ஈவு சோதனையில் பிள்ளையை உட்காரவைத்து 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று சான்றிதழ் வாங்குவது. பேச்சு வராத பிள்ளையிடம் பேசச் சொல்லி நடத்தும் சோதனையில் அந்தப் பட்டம் எளிதாகவே கிடைத்தது. பேசத் தெரிந்த பிள்ளைக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டிசத்துக்கென்று சான்றிதழ் நடைமுறை 2016 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. 21 வகைகளை ஏற்ற புதிய உரிமைகள் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் புதிய சட்டமாவது புதிய மருத்துவத்தைப் படித்ததா? 2013 விதி வந்து மூன்று ஆண்டு கழித்து எழுதப்பட்ட அதன் அட்டவணை, ஆட்டிசம் "வழக்கமாக முதல் மூன்று ஆண்டுகளில் தோன்றும்" நிலை என்று வரையறுக்கிறது. மருத்துவம் கழற்றிப்போட்ட கெடுவைச் சட்டம் எடுத்து மாட்டிக்கொண்டது. பதினான்கு வயதுப் பிள்ளையோடு வரும் தாயிடம் "மூணு வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சுதா, ஆதாரம் இருக்கா" என்று ஒருவர் கேட்டால், சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் 1998இல் பிறந்த ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். பிறந்தபோது அவன் பெரம்பலூர் மாவட்டத்துக்காரன். 2001 ஜனவரி 1இல் அரியலூர் மாவட்டம் பிரிந்தது, அவன் அரியலூர்க்காரன். 2002 மார்ச் 31இல் அது மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மீண்டும் பிரிந்தது. வீட்டை விட்டு ஓர் அடி நகராமலேயே அவன் குடும்பத்துக்கு மாவட்டம் மூன்று முறை மாறியது. ரேஷன் அட்டை முதல் பட்டா வரை எல்லாவற்றிலும் அரசே பார்த்து மாவட்டப் பெயரைத் திருத்தியது. கோடு மாறினால் காகிதத்தை மாற்ற வேண்டும் என்று இந்த அரசுக்குத் தெரியும். அதே பையன் பள்ளி வயதில் வாங்கிய சான்றிதழில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதியிருந்தால், அதற்குப் பிறகு ஆட்டிசத்தின் கோடுகள் இத்தனை முறை மாறியும், "வா, மறுபடி பார்த்துத் திருத்தித் தருகிறோம்" என்று யாராவது கூப்பிட்டார்களா? அவனாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. கேட்டால் மறுபடி முதலிலிருந்து, அதே 2009ஆம் ஆண்டுக் கோலின் முன்னால்.

அந்தக் கோலைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஐ.எஸ்.ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்', செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் உருவாக்கியது. ஆறு பிரிவுகள், 40 கூற்றுகள். கண்ணைப் பார்ப்பதில்லை, சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பதில்லை, ஒதுங்கியே இருக்கிறான், சொன்னதையே திருப்பிச் சொல்கிறான் என்ற போக்கில் அவை போகும். ஒரு செயல் அரிதாக நடந்தால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி 3, பெரும்பாலும் 4, எப்போதும் 5. எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைக்கும் 40 விழுந்துவிடும், உச்சம் 200. கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் ஆட்டிசம் உண்டு, சட்டம் கேட்கும் 40 விழுக்காட்டுக் குறைபாடும் உண்டு. 69 என்றால் இல்லை. ஒரு கூற்றில் 'சில நேரம்' என்பதற்கும் 'அரிதாக' என்பதற்கும் நடுவில் மதிப்பீட்டாளரின் பேனா தயங்கும் ஒரு நொடியில் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கோலைச் செய்தவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. வெளிநாட்டுச் சோதனைகளை விலை கொடுத்து வாங்க முடியாத நாட்டில், இந்தியக் குழந்தைகளுக்காக, இந்திய மொழிகளில், எளிதாகக் கையாளும்படி ஒன்றைச் செய்தார்கள். புலன் சார்ந்த சிக்கல்களுக்கு அமெரிக்கக் கையேடு இடம் கொடுப்பதற்கு முன்பே தனிப் பிரிவு கொடுத்தார்கள். கோபம், அதை அப்படியே உறைய வைத்தவர்கள் மீது. பேச்சு வராத, கையைத் தட்டிக்கொண்டே இருக்கும் சின்னக் குழந்தையை அது சரியாகப் பிடித்துவிடும். பேருந்து நேரங்களையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிற, கணக்கில் நல்ல மதிப்பெண் எடுக்கிற, ஆனால் பள்ளி வேனில் தினமும் அடி வாங்குகிற, மதிய உணவுக் கூடத்தின் தட்டுச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்காருகிற பதினைந்து வயதுப் பையனை அது நழுவவிடும். 2013 விதி இவனை முதல் நிலையில் வைத்து, 'துணை தேவை' என்கிறது. துணையே தேவைப்படாத நிலை என்று ஒன்று அந்த விதியில் கிடையாது. நம் அளவுகோலோ அவனைப் பார்த்து, "பையன் நல்லாத்தானே பேசுறான்" என்று திருப்பி அனுப்புகிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிட்ட பிறகும், கூட்டிப் பார்க்கும் எண்ணின் பிடி தளரவில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கானரின் பதினொருவரில் தொடங்கி, ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெரும்பாலும் பையன்களைப் பார்த்தே எழுதப்பட்டவை. யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து, மற்ற பெண்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அதேபோலச் சிரிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணை நம் ஊர் 'அடக்கமான பிள்ளை' என்று மெச்சும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவள் தலையைச் சுவரில் மோதுவது யாருக்கும் தெரியாது. பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதை மரியாதை என்று சொல்லி வளர்க்கும் ஊரில், மருத்துவர் முன் தலைகுனிந்து நிற்கும் ஒரு பிள்ளைக்குக் கண் பார்க்கும் கூற்றில் எத்தனை மதிப்பெண் போடுவது? இதற்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும். முகாமில் வரிசை வாசலைத் தாண்டி நீளும்போது இரண்டும் இருக்காது.

இடத்தையும் சொல்ல வேண்டும். அரியலூருக்கு 2022 ஜனவரி 12இல் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. பெரம்பலூருக்கு இன்றுவரை கிடையாது. பெரம்பலூர் நகருக்கு ரயிலும் கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முடியாவிட்டால் திருச்சிக்குப் பேருந்து ஏற வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையை, ஹாரன் அலறும் தனியார் பேருந்தில், தெரியாத ஊருக்கு, தெரியாத மனிதர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இப்போது நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்று பார்க்கிறோம்" என்பதை மதிப்பீடு என்று எந்த மருத்துவப் புத்தகமும் சொல்லாது. ஒன்று, பிள்ளை வெடித்துவிடும். அல்லது உறைந்துபோய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இரண்டுமே அவன் அல்ல. போகும் ஒவ்வொரு முறையும் தகப்பனுக்கு சிமென்ட் ஆலையில் ஒரு நாள் கூலி போகிறது, தாய்க்குச் சோளக்கொல்லையில் ஒரு நாள் களை நிற்கிறது. சான்றிதழ் தரும் காலவரம்பு ஒரு மாதமாக இருந்தது. 2024 அக்டோபர் விதித் திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. வேகப்படுத்த வேண்டிய இடத்தில் தவணையை நீட்டியிருக்கிறார்கள்.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு ஒன்று: விதியைத் தளர்த்தினால் எல்லாரும் ஆட்டிசம் என்று வந்து நிற்பார்கள், எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போகும். எண்ணிக்கை கூடும்தான். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் கூடியதாகத் தெரிந்ததில் 60 விழுக்காடு, கண்டறியும் விதிகளும் பதிவு முறையும் மாறியதால் வந்தது என்று காட்டியது. அந்தக் குழந்தைகள் முன்பும் இருந்தார்கள், ஏட்டில் இல்லை. ஏட்டில் ஏறாத பிள்ளைக்குச் செலவில்லை என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகத்துக்குத்தான் அந்த உயர்வு பயமாக இருக்கும். போலிச் சான்றிதழ் பயமும் அப்படியே. போலியைப் பிடிக்க நல்ல மதிப்பீடு வேண்டும். மோசமான மதிப்பீட்டில் போலி உள்ளே போகும், உண்மை வெளியே நிற்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகளை எண்ணியபோது ஆட்டிசம் என்ற கட்டமே படிவத்தில் இல்லை. ஆகவே இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பேர் என்பதற்கு அரசிடம் விடை கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 127 பேருக்கு ஒருவர். பெரம்பலூரின் 5,65,223 பேரையும் அரியலூரின் 7,54,894 பேரையும் சேர்த்து வகுத்தால் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. உத்தேசம்தான். இதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், அவர்களில் எத்தனை பேர் கையில் ஆட்டிசம் என்று எழுதிய அடையாள அட்டை இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் சொல்லட்டும்.

அரசு விலகி நிற்கும் இடத்தில் வியாபாரி உட்காருவான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பு மருத்துவமனைச் சுவரில் தமிழில் ஒட்டப்பட்டிருந்தால், நிலத்தை அடகு வைக்கும் முன் ஒரு தகப்பன் படித்திருப்பான்.

நம் கோரிக்கைகள் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்பவை அல்ல. ஒன்றிய அரசு, ஐ.எஸ்.ஏ.ஏ. கூட்டுத்தொகை மட்டுமே வாசல் என்ற நிலையை நீக்க வேண்டும். நடப்பு டி.எஸ்.எம்., ஐ.சி.டி. விதிகளின்படி தகுதியுள்ள மருத்துவர் எழுதும் கண்டறிதல் முதலில் வரட்டும். எவ்வளவு துணை தேவை என்பதை அதன் பிறகு அளக்கட்டும். சட்ட அட்டவணையின் மூன்று ஆண்டு வாசகத்தைத் திருத்தட்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

மாநில அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது, டெல்லியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. பழைய 'மனவளர்ச்சி குன்றியவர்' சான்றிதழோடு இருக்கும் எல்லாரையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தானே கடிதம் போட்டு அழைத்து, விரும்புவோருக்கு மறுமதிப்பீடு செய்ய வேண்டும். மறுமதிப்பீடு முடியும்வரை பழைய சலுகை ஒரு ரூபாய்கூட நிற்கக் கூடாது. வகை மாறினாலும் பராமரிப்புத் தொகை குறையக் கூடாது. மனவளர்ச்சி குன்றியோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் என்று உயர்த்தியது நல்ல காரியம். அதை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தில் ஒரு தாய் பிள்ளையின் பிழையான சான்றிதழைத் திருத்தாமல் வைத்திருக்கும் நிலை வரக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் நடக்கும் 'விழுதுகள்' மையங்களில் அல்லது பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே, அவனுக்குப் பழகிய இடத்தில் வைத்து மதிப்பிடலாம். வட்டார வள மையச் சிறப்பாசிரியர் ஆண்டுக்கணக்கில் பார்த்து வைத்திருப்பதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேர்க்கலாம். பெரம்பலூர் தலைமை மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளர் எந்தெந்த நாளில் இருப்பார் என்று ஒரு பலகை வைக்க எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

அரியலூர் மருத்துவக் கல்லூரியில் நீட் எதிர்ப்பின் அடையாளமான மாணவி குழுமூர் அனிதாவின் பெயரைத் தாங்கிய பெரிய அரங்கம் இருக்கிறது. இரண்டு மாவட்டத்தின் குழந்தை மருத்துவர்கள், மனநல மருத்துவர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரையும் அங்கே உட்காரவைத்து, 2013இல் என்ன மாறியது, பெண் பிள்ளையிடம் எதைப் பார்க்க வேண்டும், வளர்ந்தவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் போதும். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான வரும் ஏப்ரல் 2க்கு முன் அது நடக்க வேண்டும். அன்று மேடை போடுகிறவர்கள், தம் மாவட்டத்தில் ஆட்டிசம் என்று அட்டை பெற்றவர்கள் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், பழைய வகையிலிருந்து திருத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்ணையும் மேடையிலேயே வாசிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண் போதவில்லை என்று திருப்பி அனுப்பினால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், 40 கூற்றுகளுக்கும் தனித்தனியே போட்ட மதிப்பெண்ணின் நகலைக் கேளுங்கள்; தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, சான்றிதழ் வழங்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது.